மணிக்கட்டில் பச்சைப் பட்டை

வியாகுலமேரி தம்பியின் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டார். ஜெபமாலையைச் சுற்ற விடாமல், மணிக்கட்டில் ஒரு பச்சைக் காகிதப் பட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிப் பட்டையோடயா குழிக்குள்ள எறக்குறது? வெட்டிப் போடு சகாயம்."

சகாயராணி கத்தரிக்கோலை எடுத்து வந்தாள், கொடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் புருஷனை ஜீப்பில் ஏற்றும்போது மதினியிடம் ஆஸ்பத்திரிக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். பட்டையை வெட்டிவிட்டால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிடும், ஊர் வாய்க்கும் வேலையில்லை. ஆனால் அவருடைய நேற்றைய சாயங்காலம் நடக்காததாகிப் போகும்.

"அது ஆஸ்பத்திரிது இல்ல மதினி. தேனியில பாட்டுக் கச்சேரிக்கு உள்ள விடுறப்பக் கட்டுனது."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"படுத்த படுக்கையாக் கெடந்தவன கச்சேரி பாக்கவா இழுத்துட்டுப் போன? அடிப்பாவி, நீதாண்டி அவன கொன்னுட்ட!"

"டாக்டரே கைய விரிச்சுட்டாக. அவுக ஆசைப்பட்டுக் கேட்டாக, கூட்டிட்டுப் போனேன்."

அவள் புருஷன் ஞானமுத்து கம்பம் ஊரில் ஜீப் ஓட்டியவர். வருஷம் தவறாமல் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போவார். எல்லோரும் கச்சேரிக்கு ஓட, அவர் வண்டிக்குக் காவல் இருப்பார். திரும்பும் வழியில் அவர்கள் பேசுகிற பேச்சுத்தான் அவர் பார்த்த கச்சேரி.

"வீல்சேரோட மேடைக்கு முன்னாலயே விட்டாக மதினி. தபேலா அதிரவும், ரெண்டு வெரல வாயில வச்சு ஒரு விசில் அடிச்சாக பாருங்க! மூச்சு விடவே சிரமப்பட்ட மனுசன்! பாடுன புள்ள பாட்ட நிறுத்திட்டு, 'யாருண்ணே அது, இன்னொன்னு அடிங்க'ன்னுச்சு. அடிச்சாக! கூட்டமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. வர்ற வழியெல்லாம் ஒரே கேள்விதான், 'ஏத்தா, கடைசி வரிசைக்கும் கேட்டுருக்குமா?' சிரிச்ச மொகத்தோடதான் தூங்குனாக. காலையில எழுப்புறேன், எந்திரிக்கல."

சொல்லி முடித்தபோது அவள் நிமிர்ந்து நின்றாள். ஜெயித்து வந்தவரின் பெண்டாட்டி என்கிற பெருமை அவளுக்கு அடங்கவில்லை.

வியாகுலமேரி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுல பூசை நடுவுல விசிலடிச்சுட்டான். நாந்தான் காதப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்டுச்சாமா?"

"எது மதினி?"

"கடைசி வரிசைக்கு."

"கேட்டுச்சு மதினி. நல்லாக் கேட்டுச்சு."

வாசலில் வண்டி வந்து நின்றது. வியாகுலமேரி ஜெபமாலையை விரல்களோடு சேர்த்துச் சுற்றினார். பட்டை வெளியே தெரியும்படி, சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டார்.