பலகைக்குப் பின்னால்

மொன்டானாவில் வெர்னா டாலெஃப்சன் ஆடு கறந்துகொண்டிருந்தபோது, அவள் தலைக்கு ஒரு சாண் மேலே கொட்டகைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போனது. அரை மைல் தள்ளி, ட்வைட் ராஷ் தன் கொல்லையில் மரப்பலகை நட்டுச் சுட்டுக்கொண்டிருந்தான். வெர்னா நேரே அங்கே போய், தகரத்தில் விழுந்த ஓட்டையைச் சொன்னாள்.

"இது சின்னத் துப்பாக்கி வெர்னா. குண்டு அவ்வளவு தூரம் வராது. உன் ஆடுதான் முட்டியிருக்கும்" என்றான். கூட இருந்த சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

"ஒன்றரை மைல் போகும்னு குண்டுப் பெட்டியிலேயே போட்டிருக்கான். படிக்கத் தெரியாதா உனக்கு?"

"பலகை தடுத்துரும். என் இடம், நான் சுடுவேன்."

"சுடு." அவள் விறுவிறுவென்று நடந்து பலகைக்குப் பின்னால் போய் நின்றாள். "தடுக்கும்னியே, இப்ப சுடு!"

சிரிப்பு நின்றுபோனது. ட்வைட் துப்பாக்கியைத் தாழ்த்திக் குண்டுகளை உருவினான்.

"பைத்தியமா உனக்கு? வெளிய வா!"

"பலகைக்குப் பின்னால ஆளுயரத்துக்கு மேல மண்ணைக் கொட்டி மேடு போடு. அதுவரைக்கும் தினம் வந்து இங்கயே நிப்பேன்."

சொன்னபடியே மூன்று நாள் வந்து நின்றாள். நான்காம் நாள் லாரியில் மண் வந்தது. வெர்னா ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"கல்லு கெடக்கு. குண்டு பட்டா தெறிச்சு உன்மேலயே வரும். பொறுக்கு."

ட்வைட் முணுமுணுத்துக்கொண்டே மண்ணில் குந்தினான். மாலைவரை பொறுக்கினான். அவள் கிளம்பவே இல்லை.