பெரியப்பா ஏமாற்றுகிறாரா?

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

"அறுபது பேரை வெளியில இருந்து கூப்பிட்டு விளையாட வெச்சோம். நாப்பத்தொரு பேர் பெரியப்பாகிட்ட வந்ததும் கன்ட்ரோலரைக் கீழ வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு படி."

பெரியப்பா என்பது எங்கள் கேமின் மூன்றாம் கட்டத்தில் வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கும் அரக்கன். கையில் ஆளுயரச் சுத்தியல். கதையில் அவருக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாசலில் காலை நீட்டிக்கொண்டு, உள்ளே போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, காரணம் சொல்லாமல் சாத்துகிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது? சோதனைப் பிரிவில் நானும் பக்கத்து மேசை சோடாபுட்டியும் வைத்த பெயர் அது. இப்போது கம்பெனி முழுக்க அதுதான்.

தாளைப் படித்தேன். 'சுத்த ஏமாத்து வேலை.' 'பட்டனை அழுத்தினாலும் கேக்க மாட்டேங்குது.' 'இதைச் செஞ்ச ஆளைக் கூப்பிடுங்க, நாலு அறை விடணும்.'

"கையில வலு இல்லாதவங்க சார்," என்றேன்.

"இருக்கட்டும். நாளைக்குக் கடையில வாங்கப் போறது அவங்கதான். திங்கக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்றோம். அவர் உயிர் பாதி, சுத்தியல் அடியும் பாதி."

"அப்புறம் அவர் எதுக்கு சார் அங்க உக்காந்திருக்கணும்? ஒரு நாற்காலியைப் போட்டுடுங்க, போதும்."

"தகராறு, ஆரம்பிச்சிடாதம்மா."

அலுவலகத்தில் என் பெயரே தகராறுதான். சோடாபுட்டி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுச் சிரித்தான். நான் அவனையும் முறைத்தேன்.

எட்டு மாதமாகப் பெரியப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். முதல் வாரம் நூற்றுப்பத்து முறை செத்தேன். கஷ்டமான கேம் என்றால் ஏதோ தவம் மாதிரி பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எரிச்சல் உண்மை. சாகிற இடத்துக்கு வந்து சேரவே இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு நொடியில் செத்து, மறுபடி அதே இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வீங்கிய நாள் உண்டு. சோறு இறங்காத நாள் உண்டு.

ஆனாலும் நான் பெரியப்பா கட்சி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்து முடித்துப் போன முதல் நேர்காணலில், வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். அப்பா இல்லை, அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு கேள்வியே வரவில்லை. ஏன் தோற்றேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பெரியப்பா அப்படிப்பட்டவர் இல்லை. வலது தோள் ஏறினால் அடி மேலிருந்து வரும். இடது கால் பின்னால் போனால் பக்கவாட்டில் வரும். யார் வீட்டுப் பிள்ளை ஆடினாலும் அதே தோள், அதே கால். செத்தால் ஏன் செத்தேன் என்று தெரியும். உலகத்தில் வேறு எந்த வாசலில் அது தெரிகிறது? அந்த ஒரு வாசலையும் நொறுக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் காது மடல் வரை கொதித்தது.

சனிக்கிழமை கம்பெனி லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு கீறல்கூட விழாமல் பெரியப்பாவைச் சாய்ப்பது, அதைப் பதிவு செய்வது, திங்கட்கிழமை மேலாளர் மூஞ்சிக்கு நேராக ஓடவிடுவது. அதுதான் திட்டம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குள் சாய்த்துவிட்டேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. ஒரு கீறல் இல்லை. நான் போட்ட கூச்சலில் குளியலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னடி, தேள் கொட்டிடுச்சா?"

"ஜெயிச்சுட்டேம்மா!"

"இந்தத் தடிமாடனையா? இதுக்குத்தான் உனக்கு மாசாமாசம் சம்பளமா? குடு, பாப்போம்."

கொடுத்திருக்கக் கூடாது. வெளியாள் யாருக்கும் காட்டமாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஜெயித்த மயக்கத்தில் இருந்தேன். அம்மாவும் கன்ட்ரோலரை ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தாள்.

"இது உருள்றதுக்கு, இது வெட்டுறதுக்கு. அவ்வளவுதான்."

"என்னடி ஊமைப்படமா ஓடுது? சத்தத்தை வை."

நான் எப்போதும் சத்தமில்லாமல்தான் ஆடுவேன். அலுவலகத்தில் எங்கள் கூடத்துக்கு அடுத்த சுவருக்கு அப்பால், போனில் புகார் கேட்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் சுத்தியல் விழுந்தால் அந்தப் பக்கம் புகார் கேட்காதாம். அதனால் எங்களுக்கு ஸ்பீக்கர் தடை. ஹெட்போன் கொடுத்திருக்கிறார்கள், அதில் சோடாபுட்டி பாட்டுக் கேட்பான், நானும் பாட்டுத்தான் கேட்பேன். மற்றவர்களும் அப்படியே. சத்தத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா பதினொரு முறை செத்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"நாசமாப் போறவனே! எங்கடா அடிக்கிற?"

பன்னிரண்டு. பதினைந்து. இருபத்திரண்டு.

"இவன் ஏமாத்துறான்டி!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமாம்மா, நாப்பத்தொரு பேரும் இதையேதான் எழுதிக் குடுத்திருக்காங்க. அவர் ஏமாத்தல. உனக்கு வேகம் பத்தல, ஒத்துக்க."

அம்மா கேமை நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு நான் இன்றும் பயப்படுவேன்.

"யாருக்கு வேகம் பத்தல? ஒரு நாளைக்கு எண்ணூறு காலர் தைக்கிறவடி நான். ஊசி எந்த நொடி எறங்கும்னு மோட்டார் சத்தத்தை வெச்சே சொல்லுவேன். இவன் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குறான்ல, அது கேட்ட உடனே உருள்றேன். உருள்றதுக்குள்ள அடி விழுந்துடுது. அப்புறம் எதுக்குடி மூச்சு விட்டுத் தொலைக்கிறான்?"

"எந்த மூச்சு?"

கேட்டுவிட்டேன். எட்டு மாதம் சோதனை செய்தவள் கேட்கிற கேள்வியா இது? அடிக்கு முன்னால் பெரியப்பா எச்சரிக்கையாக மூச்சு இழுப்பார் என்று கேமின் குறிப்பில் எழுதியிருக்கிறது. அதற்கு நேராக 'சரி' என்று டிக் அடித்திருக்கிறேன். காதால் கேட்டதில்லை. எனக்குத் தோள் போதும்.

"தள்ளும்மா." கன்ட்ரோலரை வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஹூம் என்று ஒரு மூச்சு. உருண்டேன். மேலே இடி. செத்தேன். மறுபடி. மூச்சு, உருளல், சாவு. பத்து முறை, பத்து சாவு. கண்ணைத் திறந்தால் ஒரு கீறல் விழாத நான், கண்ணை மூடினால் ஒரு அடிகூடத் தாங்கவில்லை!

 காலையில் பதிவு செய்ததில் நான் கேட்காத சத்தமும் இருந்தது; அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தோள் ஏறத் தொடங்கும் படம். அங்கிருந்து எண்ணினேன். மூச்சுச் சத்தம் தொடங்குவது இருபது படம் தள்ளி. நொடிக்கு அறுபது படம். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதம். தோள் ஏறிச் சுத்தியல் விழுவதற்கே அரை நொடிதான். மிச்சமிருக்கும் துளியில் எந்த மனிதக் கையாலும் உருள முடியாது. எண்ணூறு காலர் கையாலும் முடியாது.

"அம்மா! அம்மா, அவர் ஏமாத்துறார்!"

"அதைத்தானே ரெண்டு மணி நேரமாக் கத்துறேன்?"

அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். "எறக்குடி, இடுப்பு போயிடும்," என்றாள். சந்தோஷம் ஒரு பக்கம் பொங்க, வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. நாற்பத்தொரு பேரைக் கையாலாகாதவர்கள் என்று சொன்னவள் நான். அவர்கள் சலுகை கேட்கவில்லை. இப்போது அடிப்பேன் என்று சொன்னால் இப்போது அடி என்றார்கள், அவ்வளவுதான். கஷ்டம் வேறு, ஏமாற்று வேறு. இரண்டுக்கும் நடுவில் இருபது படம்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனேன். மேலாளர், சோடாபுட்டி, அப்புறம் காது. காது என்றால் எங்கள் கேமுக்குச் சத்தம் செய்கிறவர். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார்.

"ஏம்மா, பக்கத்து ஆபீஸ்ல சண்டைக்கு வருவாங்க," என்றார் மேலாளர்.

"வரட்டும் சார். கண்ணை மூடுங்க. மூச்சு கேட்ட உடனே பட்டனை அழுத்துங்க."

அழுத்தினார். செத்தார். ஐந்து முறையும் செத்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ டமடமவென்று தட்டினார்கள். படங்களை எண்ணிக் காட்டினேன்.

"என் மூச்சுல தப்பா?" காது எழுந்தே விட்டார். "மூணு நாள் மண்டி போட்டு உறுமிப் பதிவு பண்ணினது அது!"

"உறுமல் பிரமாதம் சார். லேட்டா வருது."

காது தன் அறைக்கு ஓடினார். ஐந்து நிமிடத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தார். நான்கு மாதத்துக்கு முன்பு பழைய மூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறார். அதன் தலையில் மூன்றில் ஒரு பங்கு நொடி வெறும் மௌனம்; வெட்ட மறந்துவிட்டார். அவர் சத்தத்தைத் தனியாகக் கேட்பார், படத்தோடு பார்க்கமாட்டார். நாங்கள் படத்தைப் பார்ப்போம், சத்தத்தைக் கேட்கமாட்டோம். வெளியிலிருந்து வந்த அப்பாவிகள்தான் இரண்டையும் நம்பியிருக்கிறார்கள்.

"நாலு மாசமா நீ டிக் அடிச்சிருக்கியே, தகராறு?"

"ஆமா சார். கேக்காமலே அடிச்சேன். அறிக்கையில எம்பேரைப் போட்டே எழுதித் தர்றேன்."

"இப்ப மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. "நான் இல்ல சார். எங்கம்மா."

 சோடாபுட்டி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான், காலம் கடந்து.

"வெளியாளுக்குக் காட்டினியா?"

"காட்டினேன். தப்புதான். என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா சுத்தியல்ல கை வைக்காதீங்க. மௌனத்தை மட்டும் வெட்டிட்டு அதே நாப்பத்தொரு பேரைக் கூப்பிடுங்க. இருக்கிற அடி அப்படியே இருக்கட்டும். பாதிப் பேர் எழுந்து போனா நானே உக்காந்து பாதியாக் குறைக்கிறேன்."

மேலாளர் பேனாவை மேசையில் மூன்று முறை தட்டினார். "மெமோ வரும், வாங்கிக்க. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவோம். பாதிக்கு மேல எழுந்து போனா அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது." கதவருகே போய்த் திரும்பினார். "உங்கம்மாவையும் வரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுட்டு வந்து ஆடட்டும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முப்பத்துமூன்று பேர் வந்தார்கள். மீதிப் பேர், செத்தாலும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா முப்பத்துநான்காவது ஆள். புதுச் சட்டைக்காரன் ஒருவனுக்கும் பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஆபீஸ் விடுமுறை. ஸ்பீக்கர்கள் அலறின. நான் பின் சுவரில் சாய்ந்து, எழுந்து போகிறவர்களை எண்ணுவதற்காக ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றேன். 

முதல் ஒரு மணி நேரம் சாவு, சாவு, சாவு. இரண்டு பேர் எழுந்தார்கள். இரண்டு கோடு போட்டேன். மூன்றாவதாக ஒருவர் எழுந்ததும் மூன்றாவது கோட்டையும் போட்டேன். அவர் கழிவறைக்குப் போய்விட்டு ஓடியே திரும்பி வந்தார். கோட்டை அடித்தேன்.

அப்புறம்தான் காதில் விழுந்தது. போன முறை தாளில் இருந்த வார்த்தைகள் இல்லை. "சே, அவசரப்பட்டுட்டேன்." "பேராசை, இன்னொரு வெட்டு வெட்டப் போனேன் பாருங்க." "என் தப்பு, என் தப்பு!" வரிசைக்கு வரிசை எல்லோரும் தங்களையே திட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குச் சிலிர்த்தது. காதும் கேட்டுக்கொண்டே சுவரோரமாக நின்றார். உதடு அசைந்தது, மூச்சுக்கு மூச்சு கூடவே இழுத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் புதுச் சட்டைக்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழுந்தான். எழுந்து போவதற்கு இல்லை. பெரியப்பா சாய்ந்துவிட்டார். கூடம் முழுக்கக் கூச்சல். பத்து நிமிடம் கழித்து ஆசிரியை. அப்புறம் பின் வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்.

ஒரு மணிக்கு மேலாளர் கைதட்டினார். "நேரம் முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி." ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். "சார், மறைக்காதீங்க," என்றது ஒரு குரல்.

என்னிடம் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். ஜெயித்தவர்கள் ஒன்பது பேர். எழுந்து போனவர்கள் இரண்டு பேர்.

"சுத்தியல்?" என்றேன். 

"அப்படியே இருக்கட்டும்," என்றார். "ஒரு நாற்காலி காலியா இருக்குல்ல? நான் ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்."

அம்மாவிடம் ஓடினேன். "அம்மா! ஜெயிச்சுட்டோம், பெரியப்பா மேல யாரும் கை வைக்க மாட்டாங்க, அவரே சொல்லிட்டாரு, நீ மட்டும் அன்னைக்கு..."

"வாயை மூடுடி," என்றாள் அம்மா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "இவனுக்கு இன்னும் ஒரே வெட்டுதான் பாக்கி."