யாருக்கும் பிறந்தநாள் இல்லை, கேக் உண்டு

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. மேல்வீட்டு ரென்ஸ்கே ஒரு காலையில் கேக் பெட்டியோடு இறங்கி வந்தாள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் கேக் பெட்டியைப் பார்த்தால் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. லேபுல நான் வளத்த செல்லுங்க கெட்டுப்போச்சு" என்றாள், ஏதோ தயிர் கெட்டுப்போனது போல.

அடுத்தவர் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் எழுத்தாளனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. (கேக்குக்காக அல்ல. சரி, கேக்குக்காகவும்தான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆய்வகத்துக் கண்ணாடிச் சன்னலில் மழை அழுதுகொண்டிருந்த அந்த—"

அடித்துவிட்டேன். இந்த ஊரில் மழை அழுவதில்லை. பெய்கிறது, வேறு வேலை இல்லாததால்.

"புற்றுநோய் என்பது—"

இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கும் எதையும் நான் படித்து முடித்ததில்லை. நீங்களும் முடித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். டூவே என்று ஒருவர். படகு போக வழிவிட்டுக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை. கல்லீரலில் புற்றுக்கட்டி; அறுத்து எடுத்தார்கள், திரும்பி வந்துவிட்டது. எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை ரென்ஸ்கே ஆய்வகத்தில் ஒரு கிண்ணத்தில் வளர்த்தாள். கடுகைவிடச் சிறிய உருண்டைகள். அவற்றின்மேல் ஒவ்வொரு மருந்தாக விட்டுப் பார்ப்பது அவள் வேலை. எது கொல்கிறதோ, அதை டூவேவுக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவர்கள் வியாழக்கிழமை கூடி முடிவு செய்வார்கள்.

ஒரு மருந்து எல்லா உருண்டைகளையும் துடைத்துப் போட்டது. அதைக் கேள்விப்பட்ட டூவே, படகே வராதபோதும் பாலத்தை ஒருமுறை தூக்கி இறக்கினாராம். (இது நான் சேர்த்தது. ஆனால் செய்யக்கூடிய ஆள்தான்.)

3

புதன்கிழமை மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. கிண்ணத்தில் இருப்பவை டூவேவின் செல்களே அல்ல. பக்கத்துக் கிண்ணத்துப் பெருங்குடல் புற்றுச் செல்கள், யாரோ ஒருவருடையவை. இரண்டு கிண்ணங்களுக்கும் ரென்ஸ்கே ஒரே புட்டியிலிருந்து ஊட்டத் திரவம் எடுத்திருக்கிறாள். ஒரு சொட்டு தாவினால் போதும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது.

அந்த ஆய்வகத்தில் செல்லைக் கெடுத்தவர் கேக் வாங்க வேண்டும். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் என் கதைக்கு ஒரு ரகசியம் தேவைப்பட்டது. ரென்ஸ்கே உண்மையை மறைக்கிறாள், மனசாட்சி குத்துகிறது, சோறு இறங்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதி அவளிடமே காட்டினேன்.

"நான் ஏன் மறைக்கணும்? அவருக்குத் தப்பான மருந்தக் குடுத்துருவாங்களே."

"கதைக்கு வேணுமே, ரென்ஸ்கே."

"அப்ப கதைய வேற ஊருக்குக் கொண்டுபோங்க."

எழுதியதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் ஊரில் கதை எழுதுகிறவன் பாவம் செய்தவன்.

4

வியாழன் காலை. மருத்துவரிடம் சொல்லியாயிற்று. டூவேவிடம் மத்தியானம் சொல்வதாக ஏற்பாடு. காப்பி நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, ரென்ஸ்கே கேக்கை வெட்டினாள். ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்த டூவே அந்த நேரம் பார்த்துத் தலையை நீட்டினார். கேக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர் பிறந்தநாளுக்குச் சுற்றியிருக்கும் எல்லோரையும் வாழ்த்தும் இந்த ஊர் முறைப்படி வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் கையாகக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! உனக்கும் வாழ்த்துகள்ப்பா! உனக்கும்மா!"

கையை இழுத்துக்கொள்ள ஒருவருக்கும் துணிவில்லை. பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆமா, யாருக்குப் பொறந்தநாள்?"

யாரும் வாய் திறக்கவில்லை. நான் பக்கம் பக்கமாக ஏங்கிய மௌனம் இங்கே இலவசமாகக் கிடைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"டூவே, இது பொறந்தநாள் கேக் இல்ல. உங்க செல்ல நான் கெடுத்துட்டேன். அந்த மருந்து கொன்னது உங்களோடத இல்ல, வேற யாரோடதையோ."

வாயில் இருந்ததை விழுங்கினார்.

"அப்ப என்னோடது?"

"அத அந்த இன்னொருத்தரோடது அமுக்கிக் கொன்னுருச்சு."

"கிண்ணத்துல மட்டும் செத்துப்போச்சாக்கும்! உள்ள இருக்கிறதுக்கு அந்தப் புத்தி வரக்கூடாதா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொரு துண்டு உறைய வெச்சிருக்கேன். வளக்க ரெண்டு மாசமாவது ஆகும். வளராமலும் போகலாம். அதுவரைக்கும் பழைய மருந்தையே ஆரம்பிக்கலாம்கிறார் டாக்டர்."

டூவே தட்டைக் கீழே வைத்தார்.

"ஆகஸ்டு லீவுக்குக் கூடாரம் போட எடமே பதிவு பண்ணிட்டேன், பொண்ணே."

ரென்ஸ்கே அழுதுவிட்டாள்.

"அழாத. அப்புறம் உன்னைய நான்ல தேத்தணும்! இந்தத் தடவ எனக்குன்னு தனிப் புட்டி வை. இன்னொரு துண்டு கேக்கும் வை."

5

இனி முடிவுகள்.

அ) உறைந்த துண்டு வளர்கிறது, சரியான மருந்து கிடைக்கிறது, ஆகஸ்டில் டூவே ஒரே தடவையில் கூடாரம் அடிக்கிறார்.

ரென்ஸ்கே மூலம் எனக்கும் பழக்கமாகிவிட்ட டூவே இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடாரத்த நான் ஒரே தடவையில அடிச்சேன்னு எழுதியிருக்கியே, எவன் நம்புவான்?"

ஆ) டூவே அந்தக் கோடையில்—

மீதியை அவரே என் பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டார். "புத்துநோய்க் கதைன்னா எவனாச்சும் செத்தே ஆகணுமா? வேணும்னா நீ செத்துக்கோ."

இ)

உறைந்த துண்டை வளர்க்கத் தொடங்கி இது ஆறாவது வாரம். கிண்ணத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. உயிரா அழுக்கா என்று ரென்ஸ்கேவுக்கே இன்னும் தெரியவில்லை. பத்திரிகைக்காரர் முடிவு எங்கே என்று நச்சரிக்கிறார். எந்த முடிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதிவிடக் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் டூவே மருந்தைச் சாப்பிட்டுவிட்டு, வாந்தியும் எடுத்துவிட்டு, வேலைக்குப் போய்வந்துகொண்டு அந்த முடிவுக்குத்தான் காத்திருக்கிறார். அவருக்கு முன்னால் அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.