குக்கர் விசில் விழுந்த இடம்

தாரிகா மேடையேறியதும் தாம்பரம் மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஒலிக்கூடாரத்தில் ஷபீனா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் மேடையில் இல்லை. கணவன் ஜமீர் இயக்கிக்கொண்டிருந்த ஒலி மிக்ஸரில், ஏழாம் எண் ஃபேடரில் இருந்தது. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். ஃபேடர் என்பது அவ்வளவுதான். ஆறாவதில் தாரிகாவின் மைக். ஏழாவதில் பதிவு செய்த குரல்.

சினிமாவில் பெயர் வாங்கிய பிறகு தாரிகா நாடகம் போட்டாள், டிவி பாட்டுப் போட்டிக்கு நடுவரானாள், இப்போது பாடகியும் ஆகிவிட்டாள். அவளுடைய முதல் பாட்டுக்கு ட்ராக் பாடியது ஷபீனா. மெட்டு முடிந்ததும் இசையமைப்பாளர் முதலில் இப்படி ஒருத்தியைப் பாடவைப்பார். அதைக் கேட்டுத்தான் பெரிய பாடகி பாட்டைக் கற்றுக்கொள்வாள். அவள் பாடி முடித்ததும் ட்ராக் குரலை அழித்துவிடுவார்கள். உண்மையிலேயே அழித்தார்களா என்பது ட்ராக் பாடியவளுக்குத் தெரியாது.

ஷபீனாவின் சந்தேகம் ஒரு மூச்சில் தொடங்கியது. செம்பாக்கம் வீட்டில், படுக்கையறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு அவள் பாடிப் பதிவுசெய்தபோது, 'கரையேறும்' என்ற சொல்லின் நடுவில் பக்கத்து வீட்டு சரசக்காவின் குக்கர் விசிலடித்தது. திடுக்கிட்டதில் சொல் உடைந்து மூச்சு உள்ளே போய்விட்டது. விசிலை ஜமீர் துடைத்தெடுத்தான். மூச்சு தங்கிவிட்டது. ட்ராக்தானே என்று அப்படியே அனுப்பினாள். வெளியான பாட்டிலும் அதே இடத்தில் அதே மூச்சு! பாடத் தெரிந்த யாரும் சொல்லை உடைத்து அங்கே மூச்சு வாங்கமாட்டார்கள்.

"ஹெட்போனைக் குடுங்க. அவங்க மைக்கை மட்டும் தனியா கேக்கறேன்."

"ஷோ நடுவுல கழட்ட முடியாதும்மா."

"முடியாதா, கூடாதா? உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"ஆடிக்கினே பாடுறாங்க, சப்போர்ட்டுக்கு ஏழுல ஒண்ணு ஓடுது. ஊர்ல எல்லாரும்தான் வெச்சுக்கறாங்க. பேஜார் பண்ணாத."

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவனையும் வாங்கிவிட்டார்களோ? ஏழாம் ஃபேடரை இறக்கினால் தெரிந்துவிடும். மேடையில் வாய் மட்டும் அசைந்தால், பாட்டில் இருப்பது என் குரல், என் பெயரைப் போடு என்று கேட்கலாம். தப்பாகிவிட்டால் ஜமீருக்கு இனி மேடை இல்லை, அவளுக்கு ட்ராக் இல்லை.

அதே பாட்டின் சரணம் வந்தது. ஜமீர் மிக்ஸரின் மறுகோடியில் டிரம்ஸ் ஃபேடர்கள் பக்கம் குனிந்தான். ஷபீனா ஏழாவதை அடிவரை இழுத்தாள்.

குரல் மெலிந்தது. நிற்கவில்லை. ஆடிக் களைத்த, ஓரத்தில் லேசாகப் பிசிறடிக்கிற, சந்தேகத்துக்கு இடமில்லாத தாரிகாவின் குரல். "கரை..." என்று நின்று, மைக்கில் உஸ்ஸென்று கேட்கும்படி மூச்சை இழுத்து, "...யேறும்" என்றாள். ட்ராக்கில் எப்படி இருந்ததோ அப்படியே, மூச்சு உட்பட, பாடம் பண்ணியிருந்தாள்.

ஜமீர் பாய்ந்து ஃபேடரை ஏற்றினான். "பைத்தியமா உனக்கு? பொழப்பே போயிருக்கும்!"

மேடையில் தாரிகா மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "எங்க, நீங்க பாடுங்க! அந்த மூச்ச விட்டுடாதீங்க, பாட்டோட உயிரே அங்கதான்!"

மைதானம் முழுக்க 'கரை' என்று நின்றது, ஒன்றாக மூச்சிழுத்தது, 'யேறும்' என்று முடித்தது.

ஷபீனா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஜமீர் ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கினான்.

"இன்னா, உன் குரல்தானா?"

"இல்லங்க. அவங்களேதான் பாடுறாங்க."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கற?"

"சரசக்கா வூட்டு குக்கருக்கு இவ்ளோ பேர் மூச்சு வாங்குறாங்க. பேர் கேக்கறதுன்னா அவங்கதான் கேக்கணும்."

சொல்லிவிட்டு மறுபடி ஏழாம் ஃபேடரைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"ஏங்க, ஏழுல ஓடுறதும் அவங்க குரல்தானே?"

ஜமீர் ஏழாவது மட்டும் தனியாகக் கேட்கும்படி வைத்து, ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.