காலி டின்னும் புதுப் பெயரும்

லொரெய்னுக்குத் தலைகால் புரியவில்லை. கொடை விருந்துக்கென்று ஒரு வருடமாகச் சேர்த்த போர்வை, துண்டு, சர்க்கரை மூட்டை, எனாமல் சட்டி, பாட்டில் பாட்டிலாக மீன்நெய், எல்லாம் கொடுத்துத் தீர்ந்துவிட்டது! ஊர் கூடும் பெரிய வீட்டின் நடுவே தீ எரிய, சுற்றிலும் பல ஊர் விருந்தாளிகள் மடி கொள்ளாமல் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சூடியதற்கு, பரிசு வாங்கியவர்கள்தான் சாட்சி. செத்துப்போன அம்மா இப்படிக் கொடுத்துச் சூடியிருந்த விருந்துப் பெயர், ‘நெய் வழியும் வாசல்’, இனி அவளுடையது.

“ஒண்ணுமே மிச்சமில்ல தங்கச்சி!” அண்ணன் கிளிஃபோர்ட் கையை விரித்துக் காட்டினான். கொடை நடத்துகிறவளுக்கு இதைவிட இனிப்பான சொல் உண்டா? தோளில் போட்டிருந்த பொத்தான் தைத்த ஆட்டப் போர்வையைச் சுழற்றிக்கொண்டு ஆடப் போனாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. ஒரு காலி நெய் டின். அது காலடியில் உருள, அத்தனை பேர் முன்னாலும் மல்லாக்க விழுந்தாள்.

முதலில் சிரிப்பு. பிறகு மேளம் நின்றது. ஆட்டத்தில் விழுந்தவள் அங்கேயே, அப்போதே கொடுத்து அவமானத்தைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் பெயரோடு இந்தக் கதையும் ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒருநாளும் விழுந்ததில்லை.

“என்ன, வாசல் வழுக்குதோ?” என்றான் ஃபோர்ட் ரூபர்ட்டிலிருந்து வந்திருந்த மாமா மகன் வில்பர். அந்த வாய் ஊர் திரும்பினால் போதும், கடற்கரை முழுக்கச் சிரிக்கும்.

எழுந்தாள். பையைத் துழாவினாள். பிக்கப் வண்டியின் சாவி!

“இந்தாங்க அத்தான், புடிங்க. வாயையும் சேத்து மூடிக்குங்க!”

கூரை அதிர்ந்தது. ஆனால் ஒரு சாட்சிக்குக் கொடுத்தால் போதுமா?

“என் வீட்டத் தொறங்கடி!”

பெண்கள் ஓடினார்கள். ஃப்ரீசரிலிருந்த சால்மன் மீன் வந்தது, நாற்காலிகள் வந்தன, கரண்டியும் திரைச்சீலையும்கூட வந்தன.

“சோபா யாருக்கு?”

“எனக்கு! அதுல படுக்கிற பூனை வேணாம்!”

“பூனை எங்கம்மா வளத்தது, கேட்டாலும் தரமாட்டேன்!”

கொடுக்கக் கொடுக்கக் கிறுகிறுவென்று வந்தது அவளுக்கு. தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்து அண்ணனின் புது பூட்ஸ்.

“ஏய், அது என்னுதுடி!”

“இனிமே இல்லண்ணே!”

மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு அவளைக் கொண்டுவிட்டது வில்பர்தான், அவள் கொடுத்த வண்டியில்.

“என் வண்டி. காலத் தொடச்சிட்டு ஏறு” என்றான் மிடுக்காக.

“சரிங்கத்தான். அடுத்த வருஷம் உங்க கொடையில இதவிடப் பெருசா எனக்கு நீங்க திருப்பணுமே. இப்பவே ஒரு படகு பாத்து வையுங்க.”

அவன் மிடுக்கு இறங்கிப் போனது. வீடு வந்தது. அவள் வெறுங்காலோடு இறங்கியதும் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“நல்லாத் தூங்கு, நெய் வழியும் வாசலே.”

கிண்டலோ என்று திரும்பிப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

உட்கார நாற்காலி இல்லாத வீட்டில், வெறுந்தரையில் உட்கார்ந்து, பூனையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.