மைக்காரி பாட்டில் ஒரு வரி

பாடகர் என்னை ஒலிப்பதிவு அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

“நாட்டுப்பாட்டுல கை வைக்கக் கூடாதும்மா. அது ஜனங்களோட சொத்து.”

“அந்த மைக்காரி எங்கம்மா, சார்.”

கண்ணுக்கு மை தீட்டும் அம்மாவை வைத்துச் செங்கல் சூளையில் கட்டிய பாட்டு அது. இவர் பாடியபிறகு பஸ்ஸில்கூட ஓடுகிறது.

டிரைவரு சிரிச்சா மைக்காரி சிரிப்பா,
மூணாம் நாளு தனியா வந்து முழிப்பா.

அம்மா சூளை லாரியில் ஏறிப் போனது உண்மைதான். மடியில் என் அண்ணன் இருந்தான். ஐந்து வயது, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். தனியாகத்தான் திரும்பினாள். அதற்குள் சூளையே கூடிக் கதை கட்டிவிட்டது.

இதையெல்லாம் காய்கறி விலை சொல்வதுபோல் சொல்லி முடித்தேன். அழுதிருந்தால் சட்டென்று மசிந்திருப்பாரோ என்னவோ. எனக்கு அழுகை வரவில்லை. கேட்டுக் கேட்டு மனசு மரத்துப்போய்விட்டது.

“நாலாவது சரணத்துல ஒரு கெட்ட வார்த்தை இருந்துச்சே. அதை மட்டும் எப்படித் தூக்கினீங்க?”

“அது டிவிக்காரங்க கேட்டாங்க.”

“இதை நான் கேக்குறேன்.”

அவர் பேனா எடுத்தார். ‘புள்ளைக்குக் காய்ச்சல், மைக்காரி தவிப்பா’ என்று முதல் வரியை மாற்றி எழுதினார். அடுத்த வரியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கச்சேரி. அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். வரி மாறியதைச் சொல்லவில்லை. அவளே கேட்கட்டும் என்றிருந்தேன்.

பாடகர் சொன்ன சொல் தவறவில்லை. புது வரியைத்தான் பாடினார். ஆனால் அரங்கமே கைதட்டிக்கொண்டு பழைய வரியைப் பாடியது. மைக் இருந்தும் அவர் குரல் எடுபடவில்லை. இரண்டாம் முறை அவர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் பாடிக்கொண்டிருந்தாள். பழைய வரியை, ஒரு சொல் பிசகாமல்.

“அவர் மாத்திப் பாடுனாரும்மா. நான்தான் மாத்தச் சொன்னேன்.”

“கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய்க்கு இதுதான் வருது.”

“நீ எப்பம்மா இதைப் பாடுன?”

“தெனமும்தான். வரிசையா நின்னு கல்லைக் கைமாத்தி விடுவோம். பாட்டை வச்சுத்தான் கை நீளும். நான் வாயை மூடிக்கிட்டா அடுத்தவ கால்ல கல்லு விழுந்துரும்.”

கைதட்டல் ஓய்ந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்கண்ணன் போன மறுவாரமே பாட ஆரம்பிச்சுட்டேன்” என்றாள்.