அன்னக்கொடி பேரில் ஏழு நம்பர்

சிலமலை ஊர் அன்னக்கொடி, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் ஏறப்போன நேரத்தில், ஸ்டேஷன் ஏட்டு ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். வடக்கே ஏதோ ஓர் ஊர்ப் போலீஸ் அனுப்பிய நோட்டீஸ். அவள் பெயரிலிருந்த போன் நம்பரில் யாரோ பேசி, ஒரு பெரியவரை மிரட்டி, அவர் சேமிப்பையெல்லாம் பறித்திருந்தார்கள். அதற்கு அவள் விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

"எங்கிட்ட இருக்கது ஒரே நம்பருதான் சார். அதுவும் பட்டன் போனு."

"ஒன் ஆதாரை வச்சுத்தாம்மா சிம்மு வாங்கிருக்கு. தேனிக்குப் போயி சைபர் கிரைம்ல சொல்லிரு. சும்மா இருந்துறாத."

அன்றைய கூலி போயிற்று.

தேனியில் கார்முகில் என்ற பெண் எஸ்.ஐ., அவள் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கக் கணினியைத் திறந்தார். அன்னக்கொடியின் போனுக்கு ஒரு ரகசிய எண் வந்தது.

"எங்கிட்டக்கூடச் சொல்லாதீங்கக்கா. நீங்களே பாத்து அமுக்குங்க."

தடவித் தடவி அமுக்கினாள். திரையில் ஏழு நம்பர்கள் வந்தன. ஒன்றுதான் அவளுடையது.

"எங்கயாச்சும் சிம்முக்குக் கைரேகை வச்சீங்களா?"

வைத்திருந்தாள். போடி ஜீப் ஸ்டாண்டில் குடை விரித்து இலவச சிம் கொடுத்தவன், "ரேகை விழலக்கா, இன்னொருக்க வைங்க" என்று ஆறேழு தடவை வைக்கச் சொன்னான். காய் பறித்துத் தேய்ந்த விரல். ரேஷன் கடை மெஷினிலும் சில மாதம் விழாது.

"என் விரலத்தான் குத்தம்னு நெனச்சேன் மேடம்."

"ஒவ்வொருக்க வச்சப்பவும் ஒரு சிம்மு போயிருக்கு."

மற்ற ஆறும் தன்னுடையவை அல்ல என்று பதிந்தார்கள். புகார் எழுதி ரசீது வாங்கினாள். வடக்கே பதில் அனுப்ப வேண்டும். வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்ட வேண்டும். ரேஷன் வாங்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம் என்றார் கார்முகில். கேட்கக் கேட்க அவளுக்குத் தலை கனத்தது. இதெல்லாம் முடிவதற்குள் நாலு தடவை தேனிக்கு அலைந்தாள். "இனி வராட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று தோட்டத்துக் கங்காணி சொல்லிவிட்டார்.

மறுநாள் போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறும்போது, கூட வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களில் தேவி மெதுவாக, "அந்தக் குடைக்காரன்கிட்ட நானும் அஞ்சு தடவ வச்சேன்" என்றாள்.

"அப்ப வா, பாத்துருவோம்."

"ஸ்டேஷன் படி ஏறுனா ஊரு என்ன பேசும்க்கா?"

"ஏறாட்டி போலீசு ஒன் வீட்டுப் படி ஏறும்."

நாலு பேர் கூலியை விட்டுவிட்டு அவளோடு தேனிக்கு வந்தார்கள். மூன்று பேர் பெயரில் அறியாத நம்பர்கள் இருந்தன.

குடைக்காரன் அகப்படவில்லை. அந்த நம்பர்கள் ஒவ்வொன்றாக முடக்கப்பட்டன. நாலாம் மாதம் கார்முகில் தேனிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: அவள் குற்றவாளி இல்லை, சாட்சி. வடக்கே கோர்ட்டில் கூப்பிட்டால் போக வேண்டியிருக்கும்.

"அம்புட்டுத் தொலவா?"

"வீடியோவுல பேசலாமான்னு கேட்டிருக்கேன்க்கா."

"அந்தப் பெரியவருக்குப் பணம் வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"எம்பேரச் சொல்லியா அவர ஏமாத்துனாங்க?"

"ஒங்க பேரே அவருக்குத் தெரியாது."

அது ஆறுதலாக இல்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. போடி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள்.